சின்னக்கானலுக்கும் பொட்டிப்புரத்துக்கும் ஒரே மலைதான்

தேக்கடியில் படகு கிளம்பி இருபது நிமிடம் ஆகியிருக்கும். இடதுகரைப் புல்மேட்டில் ஐந்து யானைகள் மேய்ந்துகொண்டிருந்தன. நடுவில் ஒரு குட்டி. தும்பிக்கையை என்ன செய்வதென்று அதற்கு இன்னும் பிடிபடவில்லை. புல்லைச் சுற்றிப் பிடுங்கும், வாய்க்குக் கொண்டுபோவதற்குள் நழுவவிடும், மறுபடி பிடுங்கும். தாய் யானை முன்னங்காலால் ஒரு புல்கற்றையை எத்திக் கிளப்பி, மண்ணை உதறித் தின்றுகொண்டே குட்டியையும் கவனித்துக்கொண்டிருந்தது.

படகில் யாரோ விசில் அடித்தார்கள். "ஏய், இங்க பாரு" என்று ஒரு குரல். கைதட்டல். படகு ஊழியர் தமிழிலும் மலையாளத்திலும் மாறி மாறிக் கெஞ்சினார், உட்காருங்கள், சத்தம் போடாதீர்கள் என்று. தாய் யானை எங்கள் பக்கம் திரும்பியது. காதை ஒருமுறை விரித்தது. குட்டியைப் பின்னால் தள்ளியது. அடுத்த நிமிடத்தில் ஐந்தும் மரங்களுக்குள் போய்விட்டன. என் முன் இருக்கையில் இருந்தவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்: "அவ்வளவுதானா?"

அந்த ஒரு வார்த்தைதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

நான் தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரத்துக்காரன். எங்களுக்குத் தேக்கடி என்பது தண்ணீர் வருகிற திசை. 1895ல் பென்னிகுவிக் கட்டி முடித்த பெரியாறு அணை தேக்கிய நீர்தான் அந்த ஏரி. ஏரிக்குள் மொட்டை மொட்டையாக நிற்கும் பட்டமரங்கள், அன்று மூழ்கிய காட்டின் மிச்சம். அவற்றின் உச்சியில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். அந்தக் காடு மூழ்கியதால்தான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. நன்றி மறக்காதவர்கள் நாங்கள். பிள்ளைகளுக்குப் பென்னிகுவிக் என்று பேர் வைக்கிறோம், லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது, அவர் பிறந்தநாளில் பொங்கல் வைக்கிறோம். அந்த நன்றியில் கொஞ்சம், மேய்ச்சல் நிலத்தைத் தண்ணீருக்குக் கொடுத்த யானைக்கும் காட்டுமாட்டுக்கும் போய்ச் சேர வேண்டும். எங்கள் வீட்டுச் சோற்றில் அவற்றுக்குப் பங்கு உண்டு. இதை நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. அணை இருக்கும் இடமும் ஏரி பரவிய இடமும் யானைக் காடு.

திருவிதாங்கூர் அரசு 1934லேயே ஏரியைச் சுற்றிய காட்டைச் சரணாலயமாக்கியது. 1978ல் அது புலிகள் காப்பகம் ஆயிற்று. இன்றைக்கு 925 சதுர கிலோமீட்டர். அந்தக் காப்பகத்தை நான் மதிப்பதற்கு வேறொரு காரணம் உண்டு. வயணப் பட்டை உரித்துத் திருட்டுத்தனமாக விற்றுவந்தவர்களை 1990களின் கடைசியில் வனத்துறை கூப்பிட்டுப் பேசியது. வழக்குகளை வாபஸ் வாங்கியது. காட்டின் இண்டு இடுக்கெல்லாம் தெரிந்த அந்த ஆட்களையே காவலுக்கும் வழிகாட்டலுக்கும் வைத்தது. 2002ல் இருந்து குமுளிப் பக்கத்துப் பெண்கள் 'வசந்த சேனை' என்ற பெயரில் கூலி வாங்காமல் காட்டுக்குள் ரோந்து போகிறார்கள். காட்டை ஒட்டி வாழும் ஏழை மக்கள்தான் காட்டுக்கு எதிரி என்று பட்டணத்தில் இருந்துகொண்டு சொல்கிறவர்கள் இந்த இரண்டையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் பார்க்க வருகிற நாம் எப்படி வருகிறோம்? 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் 'ஜலகன்யகா' படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் ஒதுங்கியதும் ஒரு காரணமாக அப்போது பேசப்பட்டது. அதற்குப் பிறகு படகு மாறியது, விதி மாறியது, ஆளுக்கு ஒரு மிதவை அங்கி வந்தது. விலங்கு நமக்கு எதையாவது காட்டியாக வேண்டும் என்ற எண்ணம் மாறவில்லை.

மறுநாள் காலை குமுளிக்கு வெளியே யானைச் சவாரி நடக்கும் ஒரு தோட்டத்துக்குப் போனோம். அக்கா மகளுக்கு ஒன்பது வயது. யானை மேல் ஏற வேண்டும் என்று இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். டிக்கெட் நான்தான் வாங்கினேன். அதை மறைக்கப் போவதில்லை.

ஆட்கள் ஏறி உட்காரச் சிமெண்டில் ஒரு மேடை. பக்கத்தில் ஒரு பெண் யானை. முதுகில் கோணிச் சாக்குகளை அடுக்கி அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்தில் இருந்து ஒரு கயிறு வாலுக்கு அடியில் சுற்றிப் போகிறது. அந்த இடத்தில் தோல் வழன்று வெளுத்திருந்தது. முன்னங்கால் சங்கிலி உரசும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மயிரே இல்லை. நிற்கும்போது தலையை இடம் வலமாக ஆட்டிக்கொண்டே இருந்தது. ஒரே தாளம், ஒரே அளவு. நாங்கள் வரிசையில் நின்ற நேரம் முழுக்க அது நிற்கவில்லை.

"மாமா, இது ஏன் தலைய ஆட்டிக்கிட்டே இருக்கு?"

பாகன் சொன்னார், சந்தோஷம் என்று. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரும் அந்தச் சங்கிலியின் மறுமுனையில் நிற்கிறவர், அவ்வளவுதான். ஆனால் அது சந்தோஷம் இல்லை. காட்டில் யானை அப்படி ஆடாது. நாளில் பாதிக்கும் மேலான நேரம் நடப்பதும் மேய்வதுமாக இருக்கும் உயிர் அது. நாளொன்றுக்கு 150 கிலோ தழையும் புல்லும் தேடித் தின்று, தண்ணீருக்காக மலை ஏறி இறங்கி, அக்கா தங்கை பிள்ளைகளோடு கூட்டமாக வாழ்கிற உயிர். அதை ஒரு மேடைக்கும் ஒரு பாக்குமரத்துக்கும் இடையில் நடக்க வைத்தால், போக வேண்டிய தூரமெல்லாம் கழுத்தில் வந்து தங்கிவிடுகிறது. நாங்கள் ஏறாமல் வந்துவிட்டோம். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஏன் ஏறவில்லை என்று வரிசையில் நின்ற மற்றவர்கள் காதில் விழும்படி சொல்லியிருக்க வேண்டும். அன்று வாயைத் திறக்காததற்கும் சேர்த்துத்தான் இன்று எழுதுகிறேன்.

இறங்கும்போது குமுளி மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் மேலே ஏறிவந்த லாரிக்கு வழிவிட்டு நின்றோம். அடிமாட்டு லாரி. மூக்கணாங்கயிற்றைச் சட்டத்தோடு உயர்த்திக் கட்டியிருந்ததால் எல்லா மாடுகளும் வானத்தைப் பார்த்து நின்றன. பின்கதவு ஓரம் ஒன்று கீழே விழுந்து கிடந்தது. அதன் விலாவில் இன்னொன்றின் கால். எங்கள் பகுதியில் இது புதிய காட்சி இல்லை. சந்தையில் இருந்து குமுளி வழியும் கம்பம்மெட்டு வழியும் இந்த லாரிகள் எத்தனையோ வருடமாக ஏறுகின்றன. சின்ன வயதில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன்.

இறைச்சி தின்பதைப் பற்றி நான் பேசவில்லை. எங்கள் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கிறோம். சாகப் போகிற மாட்டைச் சாகும்வரை வதைக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்கிறது 1978ம் ஆண்டு விதி. அந்த லாரியில் நான் எண்ணி முடிக்கும் முன் அது வளைவைத் தாண்டிவிட்டது. ஆறு என்ற எண்ணிக்கையை எப்போதோ கடந்திருந்தேன். அதே சாலையில் கீழே கம்பத்தில் தம்பிரான் மாட்டுத்தொழு இருக்கிறது. மாட்டுப் பொங்கலுக்கு ஊரே திரண்டு வந்து தொழுமாட்டைக் கும்பிட்டுப் போகும். மாட்டைத் தெய்வமாக வணங்கத் தெரிந்த ஊருக்கு இந்த லாரியை நிறுத்திக் கேட்கவும் தெரிய வேண்டும். நிறுத்துவது என்றால் ஓட்டுநரை அடிப்பது இல்லை. சோதனைச்சாவடியில் எண்ணிப் பார்க்கச் சொல்வது.

எண்ணிப் பார்த்து வழக்குப் போட்டால் என்ன ஆகும்? இதைப் படிக்கிறவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. விலங்குவதைத் தடைச் சட்டம் 1960ல் வந்தது. அதற்கு வித்திட்டவர் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தபோது அவர் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னதால் அதைத் திரும்பப் பெற்றார். 1962ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. பரதநாட்டியத்துக்காக மட்டும் அவரை நினைவில் வைத்திருக்கிறோம். அந்தச் சட்டத்தின் 11வது பிரிவின்படி ஒரு விலங்கை அடித்தாலும் வதைத்தாலும் பட்டினி போட்டாலும் முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயில் இருந்து ஐம்பது ரூபாய் வரை. மூன்று வருடத்துக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம்வரை சிறை. 1960ல் ஐம்பது ரூபாய் என்பது ஒரு குடும்பத்தின் மாதச் செலவாக இருந்திருக்கும். இன்றைக்கு எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேர் வடையும் டீயும் சாப்பிட்டால் முடிந்தது. தண்டனையை உயர்த்தும் திருத்த வரைவை ஒன்றிய அரசு 2022 நவம்பரில் மக்கள் கருத்துக்கு வைத்தது. அந்த வரைவுக்காக எத்தனை நாடாளுமன்ற உறுப்பினர்கள் குரல் கொடுத்தார்கள் என்று அவரவர் தொகுதிக்காரர்கள் கேட்கலாம்.

ஆனால் எந்தச் சட்டப் பிரிவிலும் பேர் இல்லாத ஒரு வதை இருக்கிறது. அதை எங்கள் பள்ளத்தாக்கு கண்ணால் பார்த்தது.

அரிக்கொம்பன். மலையாளத்தில் அரி என்றால் அரிசி, கொம்பன் என்றால் தந்தமுள்ள ஆண் யானை. இடுக்கி மாவட்டம் சின்னக்கானல், சாந்தன்பாறை பக்கம் கடைச் சுவரை இடித்து அரிசி தின்று பழகியதால் வந்த பேர். பன்னியாறு எஸ்டேட் ரேஷன் கடை பலமுறை அதனிடம் இடிபட்டது. உயிர்ச் சேதமும் நடந்தது என்றார்கள் அந்த மக்கள். அவர்கள் பயம் பொய் இல்லை. பிடித்துப் பழக்கிக் கும்கி ஆக்குவது என்று முடிவானது. கேரள உயர்நீதிமன்றம் தடுத்து, நிபுணர் குழு போட்டது. குழு பரம்பிக்குளத்தைச் சொன்னது. அங்குள்ள மக்கள் மறித்தார்கள். கடைசியில் பெரியாறு காப்பகம். 2023 ஏப்ரல் 29 அன்று பல மயக்க ஊசிகள் போட்டு, நான்கு கும்கிகள் சேர்ந்து தள்ளி, கொட்டும் மழையில் லாரியில் ஏற்றினார்கள். கழுத்தில் ரேடியோ காலர். மறுநாள் விடியும் முன் பெரியாறு காட்டுக்குள் இறக்கிவிட்டார்கள்.

இறக்கிவிட்ட காடு நல்ல காடுதான். தண்ணீர் உண்டு, புல் உண்டு. ஆனால் அது அதன் காடு இல்லை. மே முதல் வாரத்திலேயே எல்லை தாண்டி மேகமலைப் பக்கம் வந்தது. மணலாறு, இரவங்கலாறு என்று சுற்றியது. மேகமலைக்குச் சுற்றுலாப் பயணிகள் போகத் தடை போட்டார்கள். மே 27 காலை கம்பம் நகருக்குள் இறங்கியது.

அன்று நான் கம்பத்தில் இருந்தேன். ஒரு மாடிப்படியில் நின்று பார்த்தேன். ஷட்டர்களை இழுத்து மூடும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அதற்குப் பின்னால் அது வந்தது. டிவியில் பார்க்கும்போது பெரிதாகத் தெரிந்த யானை, தெருவில் வேறு மாதிரித் தெரிந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர், கம்பி, வண்டி, ஆள். தார்ச்சாலையில் அதன் கால் வைப்பில் ஒரு தயக்கம் இருந்தது, பழக்கமில்லாத வீட்டில் இருட்டில் நடக்கிறவர் மாதிரி. நின்றிருந்த ஆட்டோக்கள் நொறுங்கின. பயந்து ஓடிய மக்களைவிட எனக்கு அதிகம் நினைவிருப்பது அதன் பின்னால் ஓடியவர்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கி, கையில் போன். யானை நின்றால் அவர்களும் நின்றார்கள். நகர்ந்தால் கூச்சல் போட்டார்கள்.

இருசக்கர வாகனத்தில் போன ஒருவர் அன்று அடிபட்டார். சில நாளில் மருத்துவமனையில் இறந்தார். அந்தக் குடும்பத்தின் முன்னால் நின்று யானை பாவம் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அந்த இழப்பையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும் என்கிறேன். ஊருக்கு 144 தடையுத்தரவு போட்டார்கள். யானை ஒரு புளியந்தோப்பில் ஒதுங்கி நின்றது. கொஞ்சம் அமைதியானது. அப்போது ஒருவர் வீடியோ எடுக்க டிரோனைப் பறக்கவிட்டார். தலைக்கு மேல் இரைச்சல் கேட்டதும் யானை மிரண்டு ஓடியது. டிரோன் விட்டவரைப் போலீஸ் பிடித்தது. பிடிபட்டவர் ஒருவர். அந்த வீடியோவுக்காகக் காத்திருந்த நாங்கள் எத்தனை ஆயிரம் பேர்?

பிறகு சுருளிப்பட்டி, சண்முகாநதி அணைப் பக்கம் என்று மலையடிவாரத்திலேயே சுற்றியது. ஜூன் 5 அதிகாலை பூசானம்பட்டி அருகே மறுபடி மயக்க ஊசி. மறுபடி கும்கிகள். வந்த கும்கிகளில் ஒன்றின் பேர் முத்து. 2019 நவம்பர் வரை அதுவும் காட்டு யானைதான். பொள்ளாச்சி அர்த்தநாரிபாளையம் பக்கம் அரிசி தேடித் தேடி வந்ததால் மக்கள் வைத்த பேர் அரிசி ராஜா. அதனாலும் உயிர்கள் போயின. பிடித்து, மரக்கட்டைகளால் ஆன கரால் கூண்டுக்குள் அடைத்து, பழக்கி, பேர் மாற்றினார்கள். அரிசிக்காகச் சிறைப்பட்ட ஒன்றைக் கொண்டு அரிசிக்காகத் தேடப்பட்ட இன்னொன்றைத் தள்ளி லாரியில் ஏற்றினோம். அன்று அந்த இரண்டு யானைகளும் நெற்றியோடு நெற்றி முட்டி நின்றபோது ஒன்றுக்கொன்று என்ன சொல்லிக்கொண்டன என்பதை அறிய நமக்கு வழியில்லை.

காலைக் கட்டி, பாதி மயக்கத்தில் நிற்கவைத்து, ஜூன் வெயிலில் வழியெல்லாம் மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டே திருநெல்வேலிப் பக்கம் கொண்டுபோனார்கள். தும்பிக்கையில் காயம் இருந்ததைப் படத்தில் எல்லாரும் பார்த்தோம். இதற்கிடையில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு வேறு. ஜூன் 6 அன்று களக்காடு முண்டந்துறை காப்பகத்தில் மேல் கோதையாற்றுப் பகுதியில் விட்டார்கள். ஏப்ரல் 29ல் இருந்து ஜூன் 5 வரை 37 நாள். அந்த 37 நாளுக்குள் இரண்டு முறை மயங்கி விழுந்து, இரண்டு முறை வேறொரு ஊரில் கண் விழித்தது அந்த உயிர்.

வனத்துறை ஊழியர்களையும் கால்நடை மருத்துவர்களையும் நான் குறை சொல்லவில்லை. பத்து நாள் அவர்கள் தூங்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். கம்பம் தெருவுக்குள் வந்துவிட்ட யானையை அன்று அவர்களால் வேறு என்ன செய்திருக்க முடியும்? தவறு இருபது வருடத்துக்கு முன்னால் தொடங்கியது.

சின்னக்கானலில் ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. அதன் பேர் ஆனையிறங்கல். தமிழ் தெரிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். ஆனை இறங்கித் தண்ணீர் குடிக்கும் இடம். பேரே பட்டா மாதிரி இருக்கிறது. அந்த இடத்தை ஒட்டி 2002, 2003 வாக்கில் நிலமில்லாத ஆதிவாசிக் குடும்பங்களுக்கு நிலம் அளந்து கொடுத்தது கேரள அரசு. 301 குடும்பம் என்பதால் 301 காலனி என்று பேர். யானைகள் நடமாடும் வழியில் ஆட்களைக் குடியேற்ற வேண்டாம் என்று மூணாறு வனக்கோட்ட அதிகாரி 2003லேயே எழுதினார். யாரும் கேட்கவில்லை. குடியேறியவர்களில் பெரும்பாலானவர்கள் யானைக்குப் பயந்து குடிசையை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நிலமில்லாத ஏழைக்கு யானையின் பாதையைப் பிடுங்கிக் கொடுத்தது, ஏழைக்கும் செய்த கொடுமை, யானைக்கும் செய்த கொடுமை. நல்ல நிலம் பெரிய எஸ்டேட்டுகளிடம் பத்திரமாக இருந்தது.

அரிக்கொம்பன் போனபிறகு சின்னக்கானல் நிம்மதியானதா? 2024 ஜனவரியில் அதே பன்னியாறு எஸ்டேட்டில் வேலைக்குப் போன பெண் தொழிலாளி ஒருவரை யானைக் கூட்டம் தாக்கிக் கொன்றது. சக்கக்கொம்பன் என்று பலாப்பழத்துக்குப் பேர்போன இன்னொரு ஆண் யானை அங்கேயே இருக்கிறது. 2024 பிப்ரவரியில் மானந்தவாடி ஊருக்குள் வந்த தண்ணீர்க்கொம்பன் என்ற யானையை ஊசி போட்டுப் பிடித்துப் பந்திப்பூருக்குக் கொண்டுபோனார்கள். மறுநாளே செத்துப்போனது. யானையை அப்புறப்படுத்துவதால் யானைப் பாதை மூடிவிடாது. அடுத்த யானை அதே வழியாக வரும்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவர். காலை ஆறு மணிக்கு முன்பே ஜீப் வந்துவிடும். பொட்டிப்புரம், தேவாரம், போடி என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் மலை ஏறி அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் காய் எடுத்துவிட்டு இருட்டுவதற்குள் இறங்குகிறார்கள். யானையை எனக்குப் படகில் இருந்து தெரியும். அவருக்கு முப்பது வருடமாகக் கால்வழித் தடத்தில் தெரியும். ஒருமுறை ஏலச்செடி மறைவில் மூச்சை அடக்கி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். அரிக்கொம்பனை இரண்டாம் முறை பிடித்த வாரம் அவரிடம் கேட்டேன், பிடித்தது சரிதானே அக்கா என்று.

"பிடிக்காம என்ன தம்பி செய்வாக, ஒரு உசுரு போச்சுல்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "ஆனா அது எங்க வந்துச்சுன்னு நெனைக்கிற? கம்பத்துக்கா வந்துச்சு? நம்மள ராத்திரியில தூக்கிட்டுப் போயி தெரியாத ஊர்ல எறக்கிவிட்டா, பஸ்ஸக் கேட்டு வந்துருவோம். அதுக்கு மலை மட்டுந்தான் அடையாளம். மலையப் பிடிச்சே நடந்துச்சு. விட்டிருந்தா நம்ம ஊர் மலை வழியா சின்னக்கானலுக்கே போயிருக்கும்."

அது நிஜமாகவே வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்ததா என்று நிரூபிக்க என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். எங்கள் ஊருக்கு மேற்கே நிற்கும் மலைத்தொடரின் மறுபக்கம் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா. அதற்கு அப்பால் சாந்தன்பாறை, சின்னக்கானல். தெற்கே அதே மலையைப் பிடித்துக்கொண்டு போனால் பெரியாறு. நடுவில் இருப்பது நாங்கள்.

பொட்டிப்புரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நியூட்ரினோ ஆய்வகத் திட்டம்தான் ஞாபகம் வரும். அம்பரப்பர் மலையைக் குடைந்து ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை 1,500 கோடி ரூபாய் ஒப்புதல் கொடுத்தது. பாறை வெடிப்பு, தண்ணீர், கதிர்வீச்சு என்று ஊருக்குள் வருடக்கணக்கில் பேச்சு நடந்தது. யானை, புலி என்று பேசியவர்கள் குறைவு. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு உச்சநீதிமன்றத்தில் தாக்கல் செய்த பதிலில்தான் எங்களில் பலர் அதை முதன்முதலாகப் படித்தோம்: இந்த மலை மதிகெட்டான் சோலையையும் பெரியாறு காப்பகத்தையும் இணைக்கும் புலிகள் வழித்தடம், ஆகவே இங்கே அனுமதிக்க முடியாது என்று. இயற்பியலுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் அந்த வாக்கியம் எனக்கு முக்கியம். தினமும் காலையில் பல் விளக்கிக்கொண்டே பார்க்கும் மலைக்கு அரசாங்கமே எழுத்தில் ஒரு பேர் கொடுத்திருக்கிறது. ஒரு திட்டத்தை நிறுத்த வழித்தடம் என்று சொன்னால் போதாது. அடுத்து வரும் சொகுசு விடுதிக்கும், கல்குவாரிக்கும், காட்டோரத்தை மறித்துப் போடும் கம்பிவேலிக்கும் அதே வாக்கியம் பொருந்த வேண்டும்.

வேலி என்றதும் சொல்ல வேண்டியது உண்டு. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் தோட்டத்தில் திருட்டுத்தனமாகப் போட்ட மின்வேலியில் மூன்று பெண் யானைகள் ஒரே இரவில் செத்தன. இரண்டு குட்டிகள் தாயைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. எங்கள் மாவட்டத்திலேயே 2022 செப்டம்பரில் பெரியகுளம் பக்கம் தோட்டத்து வேலியில் சிக்கி ஒரு சிறுத்தை செத்தது. முதலில் கைதானவர் தோட்டத்துச் சொந்தக்காரர் இல்லை, அங்கே கிடை போட்டிருந்த ஆட்டுக்காரர். சூரிய மின்வேலியைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 2023ல் தமிழ்நாட்டில் விதி வந்துவிட்டது. பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் வெடியைக் கடித்து யானையும் மாடும் வாய் சிதறிச் சாகின்றன. பயிரை இழக்கும் விவசாயியின் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். எங்கள் தோட்டத்திலும் மக்காச்சோளத்தைப் பன்றி உழுதிருக்கிறது. தேவாரம் பக்கம் தந்தமில்லாத மக்னா யானை சுற்றிய நாட்களில் மாலை ஆறு மணிக்குமேல் தோட்டத்துக்கு யாரும் போனதில்லை. இழப்பீடு மனு போட்டு மாதக்கணக்கில் அலைய விட்டால் வெடியும் கரண்டும் கைக்கு வரத்தான் செய்யும். இழப்பீட்டை அறுவடைக் காலத்துக்குள் கையில் கொடுக்கும் அரசு, நூறு வேட்டைத்தடுப்பு முகாம் போட்டதற்குச் சமமான வேலையைச் செய்திருக்கும்.

வரும் ஆகஸ்ட் 15 கிராம சபையில் வைக்க ஒரு தீர்மானம் எழுதிக்கொண்டிருக்கிறேன். மலையடிவாரத்து வேலிகள் எல்லாம் பதிவானவையா என்று மின்வாரியமும் வனத்துறையும் சேர்ந்து பார்க்க வேண்டும். வழித்தடம் என்று உச்சநீதிமன்றத்தில் சொன்ன மலையை அரசாணையாலும் வழித்தடம் என்று அறிவிக்க வேண்டும். பயிர்ச் சேத மனுவுக்கு நாள் கணக்கு வைக்க வேண்டும். யானை ஊருக்குள் வந்தால் போனைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓட மாட்டோம் என்று ஊரே கையெழுத்துப் போட வேண்டும். கடைசி வரியைப் படித்துக் காட்டியபோது இளவட்டங்கள் சிலர் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், கையெழுத்து வாங்காமல் நான் விடப்போவதில்லை.

தீர்மானத்தை நான் வாசிப்பதைவிட அந்த அக்கா பேசினால் நன்றாக இருக்கும் என்று அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். ஜீப்பில் இருந்து இறங்கி அப்போதுதான் வந்திருந்தார். கையில் ஏலக்காய்க் கறை.

"மைக்குல எல்லாம் எனக்குப் பேச வராது தம்பி" என்றார். பிறகு, "காய் எடுக்குற நேரம், லீவு கெடைக்காது. ஆகஸ்ட் பதினஞ்சுன்னா தோட்டமே லீவு. வாரேன். எத்தனை மணிக்கு?"

பதினோரு மணிக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன்.